நான்கு விரல் தண்ணீர்

மார்கழிக் காலை, ஆறு மணி. கோடியக்காட்டில் வனத்துறைச் சோதனைச் சாவடியில் பெயரை எழுதிக் கொடுத்து, நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நடக்கிறோம். வேதாரண்யத்திலிருந்து தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் வந்தால் சாலை காட்டுக்குள் புகுந்து, காடு முடிகிற இடத்தில் கடலோரம் போய் நின்றுவிடுகிறது. வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் சோழ மண்டலக் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனை இது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, அதற்கு அப்பால் இலங்கை. வடக்கிலிருந்து கரையைப் பிடித்துக்கொண்டே வரும் பறவைகள் ஏன் இங்கே குவிகின்றன என்பது வரைபடத்தைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி இங்குள்ள தண்ணீரில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

என்னோடு வருபவர் வேட்டைத் தடுப்புக் காவலர். பிறந்ததும் வளர்ந்ததும் இதே ஊர். கையில் ஒரு தடி, கழுத்தில் பழைய பைனாகுலர். பேச்சு குறைவு, காது கூர்மை. சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கேளுங்க சார்.”

இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை. சற்று இடைவெளி விட்டு மறுபடியும். புதருக்குள்ளிருந்து வருகிறது.

“ஆறுமணிக் குருவிங்களாண்ணே?”

“ஆமா சார். புரட்டாசிக் கடைசியில வந்து இறங்கும். அப்ப பாத்தா நிக்கவே தெம்பு இருக்காது. இப்பத் தேறிடுச்சு.”

கருவேலம் புதரின் அடியில், காய்ந்த இலைச் சருகை அலகால் புரட்டிக்கொண்டிருந்தது அது. பச்சை முதுகு, நீலத் தோள், இளமஞ்சள் மார்பு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணின் குறுக்கே மை தீட்டியதுபோல் கறுப்புப் பட்டை. வால் குட்டை. ஒரு சருகைத் தள்ளுகிறது, தலையைச் சாய்த்துப் பார்க்கிறது, புழுவைக் கொத்துகிறது, இரண்டு தத்து தத்திப் போகிறது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை. பயணம் இரவில். விடியும்போது எங்கே மர நிழலும் ஈரமண்ணும் தெரிகிறதோ அங்கே இறங்கிவிடும். இலங்கைக்குப் போகிறவற்றுக்குக் கடல் தாண்டும் முன் இரையெடுத்துத் தெம்பு சேர்க்க இந்தக் காடு கிடைக்கிறது. திரும்பும்போதும் அப்படியே.

இங்குள்ள காடு உலர் பசுமைமாறாக் காடு. கடலோரத்தில் இந்த வகைக் காடு தமிழகத்தில் ஆங்காங்கே துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. பாலை மரங்கள் குட்டையாக, கிளை பரப்பி, காற்றுக்கு முதுகு கொடுத்து நிற்கின்றன. நாவல், உகா, காரை, சூரை என்று பழம் தரும் மரமும் புதரும் பின்னிக் கிடக்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது இந்தக் காடு நேராக அடி வாங்கியது. வேரோடு சாய்ந்த மரங்களில் சில இன்னும் அப்படியே கிடக்கின்றன. சாய்ந்த அடிமரத்திலிருந்தே பல பாலைகள் துளிர்த்து எழுந்துவிட்டன. ஒன்றின் நிழலில்தான் அரசவால் ஈப்பிடிப்பான் ஒன்று நாடா போன்ற வாலைச் சுழற்றிப் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது.

மேட்டிலிருந்து பார்த்தால்

காட்டை ஒட்டி ஒரு மணல் மேடு. மேலே சிறு மண்டபம், உள்ளே பாதச் சுவடு பதித்த கல். ராமர் பாதம் என்று பெயர். சில மீட்டர் உயரம்தான் என்றாலும் சுற்று வட்டாரத்திலேயே உயர்ந்த இடம் இதுதான். ஏறி நின்றால் கோடியக்கரையின் அமைப்பு முழுவதும் விளங்கும். கிழக்கே காடு. தெற்கே புல்வெளி, அதில் வெளிமான் கூட்டம். 1967-ல் இந்தச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதே வெளிமான்களுக்காகத்தான். எப்போதோ மனிதர் கைவிட்டுக் காட்டோடு கலந்துவிட்ட மட்டக்குதிரைகளும் அங்கே மேய்கின்றன. மேற்கே திரும்பினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் மண்ணும் தண்ணீரும். அதுதான் வேதாரண்யம் சதுப்பு.

கடலுக்கும் சதுப்புக்கும் நடுவே ஒரு மணல் திட்டுதான் தடுப்பு. சதுப்பு மேற்கே முத்துப்பேட்டை வரை நீண்டு, கோரையாறும் பாமணியாறும் கடலில் கலக்கும் அலையாத்திக் காட்டோடு சேர்கிறது. இந்தச் சதுப்பு, கோடியக்கரைக் காடு, தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்தி ஆகிய நான்கும் சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு 2002-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இடம் இது. அடுத்த இடம் வர ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆயின.

“நேத்து மேக்கால நின்ன தண்ணி, இன்னைக்கி இந்தாண்ட வந்துருக்கு பாருங்க” என்றார் காவலர்.

பாக் நீரிணையில் அலையேற்றம் குறைவு. சதுப்பில் தண்ணீரை நகர்த்துவதில் காற்றுக்குத்தான் பெரிய பங்கு. வாடை பலமாக அடித்தால் விரல் ஆழத் தண்ணீர் தெற்கேயும் மேற்கேயும் ஒதுங்கி, வடக்கே சேறு தெரியும். காற்று திரும்பினால் தண்ணீரும் திரும்பும். தரை அவ்வளவு சமம். தண்ணீர் ஒதுங்கும் ஓரம்தான் பறவைகளுக்குச் சோற்றுப் பானை. அந்த ஓரம் நகர நகர ஆயிரக்கணக்கான பறவைகளும் கூடவே நகர்கின்றன. எங்கே பறவை என்று தேடுகிறவர்கள் முதலில் காற்றைப் பார்க்க வேண்டும் என்பது இங்கே எனக்குக் கிடைத்த முதல் பாடம்.

அலகுக்கேற்ற ஆழம்

மேட்டை விட்டு இறங்கிச் சதுப்பின் கரைக்கு வந்தோம். சூரியன் முதுகுப் பக்கம். ஸ்பாட்டிங் ஸ்கோப்பை நிறுத்திக் கண்ணை வைத்தேன்.

முதலில் தெரிந்தவை கொசு உள்ளான்கள். சிட்டுக்குருவி அளவு, 20 முதல் 30 கிராம் எடை. நூறு, இருநூறு என்று பரவி, தலை நிமிராமல் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கறுப்புக் கால், கறுப்பு அலகு, சாம்பல் முதுகு. தையல் இயந்திரத்தின் ஊசி ஓடுவதுபோல் அலகு இறங்கி ஏறுகிறது. ஒரு தடவை நின்று ஏதோ மெல்லிய நூல் போன்ற புழுவை இழுத்தது. புழு நீண்டது, அறுந்தது, பாதி உள்ளே போனது. மறுபாதிக்காக அதே துளையில் அலகு மறுபடி இறங்கியது. அதன் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத அலகுக்கு எட்டுகிற ஆழத்தில் இரை இருக்க வேண்டும். காலும் அவ்வளவே குட்டை. ஒரு விரல் தண்ணீருக்கு மேல் அதற்கு ஆகாது.

அதற்கு அப்பால் வளைமூக்கு உள்ளான்கள் வயிறு நனைய நின்று, கீழ்நோக்கி வளைந்த அலகை அடி வரைக்கும் விட்டுத் துழாவின. இவை வட சைபீரியாவின் உறைநிலத்தில் கூடு கட்டுபவை. இன்னும் ஆழத்தில் பவளக்காலிகளும் பச்சைக்காலிகளும். அதையும் தாண்டி, 10 சென்டிமீட்டர் நீள நேர் அலகோடு கருவால் மூக்கன்கள், தலை முழுவதும் தண்ணீரில் மறைய. நெடுங்கால் உள்ளான்கள் செந்நிறக் குச்சிக் கால்களோடு யாருக்கும் எட்டாத இடத்தில் நின்று மேல்தண்ணீரில் பூச்சி பொறுக்கின. இந்தப் பக்கம் ஈரச் சேற்றில் தண்ணீரைத் தொடாமல் உப்புக்கொத்திகள். பெரிய கண், குட்டை அலகு. ஓடும், நிற்கும், பார்க்கும், கொத்தும். திபெத், பாமீர் மேட்டு நிலங்களிலிருந்து வந்தவை இவற்றில் உண்டு. கூட்டத்துக்கு வெளியே தனியாக ஒரு குதிரைமலைக் கோட்டான், 15 சென்டிமீட்டர் வளைந்த அலகை நண்டு வளைக்குள் முழுவதும் செலுத்திக்கொண்டிருந்தது.

இந்த அலகுகளை வெறும் இடுக்கி என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளான் வகைகளின் அலகு நுனியில் நரம்பு முனைகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத இரையின் அசைவும், ஈரமணலில் அழுத்தம் மாறுவதும் அந்த நுனிக்குத் தெரியும். சேற்றுக்குள் இருக்கும்போது முழு வாயையும் திறக்க முடியாது அல்லவா? பல உள்ளான்கள் மேலலகின் நுனியை மட்டும் வளைத்துத் திறந்து இரையைப் பிடிக்கின்றன. இரவிலும் இவை இரை தேட முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே சதுப்பில் இத்தனை இனங்கள் சண்டையில்லாமல் இரையெடுக்கக் காரணம், ஒவ்வொன்றின் காலுக்கும் அலகுக்கும் ஏற்ற ஆழம் தனித்தனியாக இருப்பதுதான்.

“நடுவுல நாலு வெரல் தண்ணி நின்னாப் போதும் சார். ஓரத்துல சின்னதுக்கும் எடம் இருக்கும், உள்ள பெருசுக்கும் எடம் இருக்கும். முழங்கால் ஏறிச்சுன்னா சின்னது எல்லாம் கெளம்பிடும். காஞ்சு போச்சுன்னா எதுவுமே இருக்காது.”

தன் கையை மடக்கி, நான்கு விரலைச் சேர்த்துக் காட்டினார். இந்த ஊருக்கு வந்த எந்த ஆய்வாளரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

காலில் ஒரு வளையம்

கோடியக்கரையின் பறவை வளத்தை 1960-களில் நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் சாலிம் அலி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவை வலசை ஆய்வைத் தொடங்கியிருந்தது. கியாசனூர் காட்டுக் காய்ச்சல் கர்நாடகத்தில் தலைகாட்டிய காலம் அது. வலசைப் பறவைகள் நோயை எடுத்து வருகின்றனவா என்ற கேள்விக்கு விடை தேடித்தான் ஆய்வு ஆரம்பித்தது. பறவைகள் எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்பது தெரியாமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. ஆகவே காலில் வளையம் மாட்டும் வேலை நாடெங்கும் நடந்தது. அதில் கோடியக்கரை முக்கியமான களமாயிற்று.

பறவையைக் காயமில்லாமல் பிடிப்பது லேசான காரியமில்லை. தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து வந்த பீகார் குடும்பங்களின் ஆட்களைக் கழகம் அழைத்து வந்தது. கண்ணியும் வலையும் அவர்களுடைய கைத்தொழில். விற்பனைக்குப் பயன்பட்ட அதே திறமை அறிவியலுக்குப் பயன்பட்டது. பிடித்த பறவையை எடை போட்டு, சிறகையும் அலகையும் அளந்து, இறகு உதிர்வைக் குறித்து, எண் பொறித்த சிறு அலுமினிய வளையத்தைக் காலில் பூட்டி விட்டுவிடுவார்கள். “பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டிக்குத் தெரிவியுங்கள்” என்று அந்த வளையம் கேட்டுக்கொள்ளும். இங்கே மாட்டிய வளையங்களோடு பறவைகள் ரஷ்யாவிலும் மத்திய ஆசியாவிலும் கிடைத்தன. அதே பறவை அடுத்தடுத்த ஆண்டுகளில் இதே சேற்றுக்குத் திரும்பி வந்து மறுபடி பிடிபட்டதும் உண்டு. கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் தம் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்தச் சதுப்பில் செலவிட்டவர்.

எடை பார்த்ததில்தான் பெரிய விஷயம் தெரிந்தது. பங்குனி, சித்திரையில் புறப்படும் முன் உள்ளான்கள் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. சில இனங்களில் உடல் எடை பாதிக்கு மேல் கூடிவிடும். அந்தக் கொழுப்புதான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்துக்கு எரிபொருள். கோடியக்கரைச் சேற்றில் மாசியில் புழு குறைந்தால், அதன் விளைவு ஆனியில் சைபீரியக் கூட்டில் தெரியும்.

உப்பளத்தில் பூநாரை

வெயில் ஏறியதும் வண்டியில் பம்ப் ஹவுஸ் பக்கம் போனோம். உப்புத் தண்ணீர் தேக்கும் பெரிய பாத்திகள், குறுக்கும் நெடுக்கும் மண் வரப்பு. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பெடுத்த வேதாரண்யம் இதே மண்தான். உப்பு இங்கே இன்றும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு. மழை ஓய்ந்து தை, மாசியில்தான் உப்பு வேலை சூடு பிடிக்கும். இப்போது பாத்திகளில் மழைத் தண்ணீர்.

வரப்புக்கு அப்பால் பூநாரைகள். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நீண்ட வரிசை. மூட்டளவு தண்ணீரில் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பக்கம் கீழே வரும்படி வைத்து இரையெடுக்கின்றன. நாக்கு உந்துகோலாகத் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் இருக்கும் சீப்புப் பற்கள் போன்ற தகடுகளில் சிற்றிறாலும் பாசியும் தங்கிவிடும். சில பூநாரைகள் ஒரே இடத்தில் காலை மாற்றி மாற்றி மிதித்துச் சுற்றிவந்தன. சேறு கலங்கி இரை மேலே வரட்டும் என்றுதான். தண்ணீர் வற்றிய பாத்தி ஒன்றில் அப்படி மிதித்த வட்ட வட்டப் பள்ளங்களைக் காவலர் காட்டினார். சிறகின் அந்தச் சிவப்பு, தின்னும் பாசியிலிருந்தும் சிற்றிறாலிலிருந்தும் வருவது.

கரண்டிவாயன்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் இன்னொரு பாத்தியில். ஊசிவால் வாத்துகள் வெயிலில் கண்மூடி மிதந்தன. திடீரென்று அத்தனையும் எழுந்தன. மேலே சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து போயிற்று. சுற்றிவிட்டு மறுபடி இறங்க ஐந்து நிமிடம் ஆனது. பருந்து வருவது இயற்கை. படம் எடுக்கிறோம் என்று நாம் வரப்பில் ஓடி எழுப்பிவிடுவது வேறு. ஒவ்வொரு முறை எழுந்து இறங்கும்போதும், பயணத்துக்கென்று சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கு கரைகிறது. பறவை தலை நிமிர்ந்து நம்மைப் பார்த்தாலே நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். அங்கேயே நின்றுவிட வேண்டும்.

கடலோரத்துக் குடிசைகள்

பிற்பகல் கடற்கரை. ஐப்பசி முதல் பங்குனி வரை இங்கே மீன்பிடி சீசன். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்திலிருந்தெல்லாம் மீனவர்கள் படகும் வலையும் குடும்பமுமாக வந்து குடிசை போட்டுத் தங்குகிறார்கள். வாடைக் காலத்தில் இங்கே மீன் கூடும். பறவைகள் வருகிற அதே மாதங்களில், அதே காரணத்துக்காக, மனிதர்களும் வலசை வருகிறார்கள்.

வலை உதறும் இடத்தில் கழிவு மீனுக்காகப் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் கூச்சலிட்டன. லடாக், திபெத் ஏரிகளில் குஞ்சு பொரிப்பவை. ஈர மணலில் ஆலாக்கள் காற்றுக்கு எதிர்முகமாக வரிசையில் நின்றன. நடுவில் பருத்த சிவப்பு அலகோடு காஸ்பியன் ஆலாக்கள்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இந்தக் கடக்காக்கா எல்லாம் எப்ப வரும் ஐயா?”

“நாங்க குடிசை போடறப்பவே வந்துரும் தம்பி. அது எறங்குற எடம் பாத்துதான் சில நாளு வலையே வுடுவோம். முன்ன வானத்த மறைக்கும். இப்ப ஏதோ இருக்கு.”

முன்பு வானத்தை மறைத்தது, இப்போது ஏதோ இருக்கிறது. உள்ளான் கூட்டங்களைப் பற்றிக் காவலர் சொன்னதும் இதைத்தான். பல்லாண்டு வளையமிட்டு எண்ணிய ஆய்வாளர்களும் இதையே எழுதியிருக்கிறார்கள். கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான் போன்ற கரையோரப் பறவைகளில் சரிவு கடுமை.

தண்ணீர்க் கணக்கு

காரணங்கள் பல. வழியில் உள்ள மற்ற நாடுகளின் ஈரநிலங்கள் அழிவதும், வடக்கே உறைநிலம் சூடேறுவதும் நம் கையில் இல்லை. நம் கையில் உள்ளவை இங்கேயே கண்ணெதிரே கிடக்கின்றன. சதுப்புக்கு வர வேண்டிய நல்ல தண்ணீர் குறைந்துவிட்டது. காவிரியின் கடைமடை வடிகால்கள் மழைக்காலத்தில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர்தான் சதுப்பின் உப்பைக் கரைத்து, புழுவும் பூச்சியும் சிறுமீனும் பெருக வழி செய்கிறது. தண்ணீர் குறைந்தால் உப்பு ஏறும். உப்பு மிகுந்தால் உப்பில் வாழும் சிற்றிறால் போன்ற சில உயிர்கள்தான் மிஞ்சும். பூநாரைக்கு அது போதலாம், உள்ளானுக்குப் போதாது. உப்பளங்களுக்காகப் போட்ட வரப்புகளும் சாலைகளும் தண்ணீரின் போக்கை அங்கங்கே மறித்திருக்கின்றன. தூர்ந்த இடங்களில் சீமைக் கருவேலம் ஏறிக்கொண்டது.

சரணாலயத்துக்கு வேலி உண்டு, காவல் உண்டு, சட்டம் உண்டு. இவை மானைக் காக்கும், மரத்தைக் காக்கும். விரல் அளவு தண்ணீரை வேலி போட்டுக் காக்க முடியாது. அது எல்லைக்கு வெளியே, வாய்க்காலிலும் மதகிலும் வயலின் வடிகாலிலும் முடிவாகிறது. ஆகவே நீர்வளத் துறையும் வனத்துறையும் உப்பு உற்பத்தியாளர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கிறது. வடிகால்களைத் தூர்வாரிச் சதுப்புக்குத் திறந்துவிடுவது, தேவையில்லாத வரப்புகளில் நீர்வழி வெட்டுவது, உப்பு எடுப்பு இல்லாத மாதங்களில் பாத்திகளில் பறவைக்கேற்ற ஆழத்தில் தண்ணீர் நிறுத்துவது, இதெல்லாம் செய்யக்கூடியதே. உப்பளத் தொழிலாளியின் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமலும் செய்யலாம்.

நம்மைப் போன்ற பார்வையாளர்களுக்கும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வனத்துறையும் மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் பறவைகளை எண்ணுகிறது. பைனாகுலர் பிடிக்கத் தெரிந்தவர், பத்து உள்ளான் இனங்களை அடையாளம் காணக் கற்றவர் யாராயினும் அதில் சேரலாம். அங்கே எண்ணும்போது பறவையோடு சேர்த்துத் தண்ணீரையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை விரல் ஆழம், எந்தத் திசைக் காற்று, எங்கே சேறு, எங்கே வெறும் உப்புப் பொருக்கு. ஆண்டுக்கு ஆண்டு இந்தக் குறிப்பு சேர்ந்தால், பறவை ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு வாதம் தேவையில்லை. ஏடே பதில் சொல்லும்.

கோடியக்கரைக்கு எந்தத் திட்டம் வந்தாலும் நான் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை இந்தச் சதுப்பில் நான்கு விரல் தண்ணீர் நிற்க அதில் என்ன வழி சொல்லியிருக்கிறது? பார்வை மாடம், தங்கும் விடுதி, அழகான பெயர்ப்பலகை எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். ஆறுகளின் கடைசிச் சொட்டு சதுப்பைத் தொட உரிமை உண்டு என்று நாம் ஒப்புக்கொண்டால், 20 கிராம் எடையுள்ள அந்தப் பறவை உறைநிலத்திலிருந்து வருவதற்கு வேறு எந்த அழைப்பும் தேவையில்லை.